யூஜின் சாண்டோ

யூஜின் சாண்டோ (ஏப்ரல் 2, 1867 - அக்டோபர் 14, 1925) பிரசியாவில் பிறந்து, பின்னர் பிரித்தானியக் குடியுரிமை பெற்ற பலசாலியும் உடற்பயிற்சி ஆசிரியரும் ஆவார். நவீன உடற்கட்டுக் கலையின் தந்தை என இவர் குறிப்பிடப்படுகிறார். இவருக்கு முன்னர் மேடைகளில் தோன்றிய பலசாலிகள், தாம் தூக்கிய எடையைக் கொண்டே மதிப்பிடப்பட்டனர். பருத்த வயிறு அவர்களுக்கு ஒரு குறையாகக் கருதப்படவில்லை. சாண்டோவின் காலத்திலேயே தூக்கிய எடை இரண்டாம் இடத்துக்குச் சென்று, தூக்கியவரின் உடலே காட்சிப் பொருளாயிற்று. கட்டம் கட்டமாகப் பிரிந்து தெரியும் வயிற்றுத் தசைகள் (இன்று பேச்சு வழக்கில் சிக்ஸ் பேக்) ஆணழகின் அடையாளமாகக் கொள்ளப்படுவதற்கு இவருடைய நிழற்படங்கள் பெரிதும் காரணமாயின.

இளமை

சாண்டோவின் இயற்பெயர் பிரீட்ரிக் வில்லெம் முல்லர். இவர் பிரசியாவின் கோனிக்ஸ்பர்க் நகரில் பிறந்தார். இந்நகரம் தற்போது கலினின்கிராட் என்னும் பெயரில் உருசியாவில் உள்ளது. இவருடைய இளமைக்காலம் குறித்துக் கிடைக்கும் செய்திகளுள் பல, பிற்காலத்தில் இவரே தம் நூல்களில் எழுதியவை. நோஞ்சானாக இருந்த தாம், சிறுவயதில் தந்தையுடன் இத்தாலி சென்றபோது அங்கிருந்த பண்டைய சிலைகளைக் கண்டு வியந்ததாகவும், அத்தகைய உடலைப் பெற வேண்டும் என அப்போதே உறுதி கொண்டதாகவும் இவர் கூறியுள்ளார். உடற்பயிற்சி நூல்களையும் கருவிகளையும் விற்ற ஒருவருக்கு இக்கதை மிகவும் பயன்பட்டது என்பதையும் மறந்துவிடலாகாது. வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் இதனை ஐயத்துடனேயே நோக்குகின்றனர்.

கட்டாய இராணுவ சேவையைத் தவிர்ப்பதற்காக 1885 ஆம் ஆண்டளவில் இவர் பிரசியாவை விட்டு வெளியேறினார். சர்க்கசுக் குழுக்களில் வித்தை காட்டியும் ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும் மாதிரியாக நின்றும் பிழைத்தார். யூஜின் சாண்டோ என்னும் பெயரையும் இக்காலத்திலேயே சூட்டிக்கொண்டார்.

பெல்ஜியத் தலைநகரான பிரசெல்சில் லுட்விக் டுர்லாக்கர் என்பவரைச் சந்தித்தது இவருடைய வாழ்வில் திருப்புமுனையாக அமைந்தது. பேராசிரியர் அட்டிலா என்னும் மேடைப் பெயரால் அறியப்பட்ட டுர்லாக்கர் தேர்ந்த பயிற்சியாளர். கனமான எடைகளைப் படிப்படியாகக் கூட்டித் தூக்கும் முறையில் அவர் சாண்டோவைப் பயிற்றுவித்தார். மேடையில் தோன்ற வேண்டிய முறையையும் கற்பித்தார். இந்தக் கனமான எடைகள் பற்றிய செய்தி, சாண்டோவின் பிற்கால விளம்பரங்களோடு ஒப்பிடும்போது முக்கியத்துவம் பெறுகிறது.

இலண்டனில் புகழ்

1889 ஆம் ஆண்டில் இலண்டனின் ராயல் அக்குவேரியம் அரங்கில் சாம்ப்சன், சைக்ளோப்ஸ் என்னும் இரு பலசாலிகள் தம்மை வெல்லுமாறு பார்வையாளருக்கு அறைகூவல் விடுத்து வந்தனர். அட்டிலாவின் தூண்டுதலால் அந்த அறைகூவலை ஏற்ற சாண்டோ, முதலில் சைக்ளோப்சையும் சில நாட்களில் சாம்ப்சனையும் தோற்கடித்தார். மேல்தட்டு மனிதரைப் போல உடுத்தி மேடையேறிய இளைஞர், மேலாடையைக் களைந்தபோது தோன்றிய உடலமைப்பு அரங்கத்தை வியப்பில் ஆழ்த்தியது. அன்றுமுதல் இலண்டன் அரங்குகளில் இவருக்குத் தொடர்ந்து வாய்ப்புகள் கிடைத்தன.

சாண்டோ தோல்வியையே அறியாதவர் அல்லர். 1890 இல் ஹெர்குலிஸ் மெக்கான் என்பவருடன் நடந்த போட்டியில் தீர்ப்பு இவருக்கு எதிராக அமைந்தது. 1898 இல் செபீல்டு நகரில் ஆர்தர் சாக்சன் ஒரு கையால் உயர்த்திய எடையை இவரால் முழுமையாக உயர்த்த இயலவில்லை. அவ்விவகாரம் பின்னர் நீதிமன்றம் வரை சென்றது. வெறும் பலத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் இவரை மிஞ்சியவர்கள் இவர் காலத்திலேயே இருந்தனர் எனலாம். அவர்களுடைய பெயர்கள் இன்று எடைதூக்கல் வரலாற்றை ஆராய்வோருக்கு மட்டுமே தெரியும்.

அமெரிக்கப் பயணம்

1893 இல் சாண்டோ ஐக்கிய அமெரிக்கா சென்றார். நியூயார்க்கில் நடந்த நிகழ்ச்சிகளைக் கண்ட புளோரென்ஸ் சீக்பெல்ட் என்னும் இளைஞர், இவரை ஒப்பந்தம் செய்து சிகாகோவுக்கு அழைத்துச் சென்றார். அப்போது அந்நகரில் உலகக் கண்காட்சி நடைபெற்று வந்தது. பிற்காலத்தில் அமெரிக்க நாடக உலகில் பெரும் புகழ் பெற்ற சீக்பெல்ட்டுக்கு அதுவே முதல் பெருவெற்றி.

மக்கள் சாண்டோ தூக்கும் எடையைவிடத் தூக்கும்போது புடைத்தெழும் தசைகளையே உற்று நோக்குவதை சீக்பெல்ட் கவனித்தார். எனவே நிகழ்ச்சியின் அமைப்பையே மாற்றினார். மேடையில் ஒளி விளக்குகளின்கீழ் சாண்டோ சிலைபோல் நின்று தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கியும் தளர்த்தியும் காட்டினார். நிகழ்ச்சி முடிந்ததும் செல்வந்தர் வீட்டுப் பெண்கள் உட்படச் சிலர், மேடைக்குப் பின்புறம் சென்று அத்தசைகளைத் தொட்டுப் பார்க்க அனுமதிக்கப்பட்டனர். அக்கால ஒழுக்க நெறிகளை நோக்க இது துணிச்சலான செயல். கட்டண நுழைவுச்சீட்டுக்கு அது நல்ல விளம்பரமாகவும் அமைந்தது.

பலத்தைக் காட்டும் வித்தைகளும் முற்றாகக் கைவிடப்படவில்லை. வயிறு மேல்நோக்கி இருக்குமாறு கைகளையும் கால்களையும் ஊன்றி உடலைப் பாலம்போல் வளைத்து நிற்க, அதன்மேல் மரப்பலகை வைத்து மூன்று குதிரைகளை நிறுத்தும் வித்தை இவற்றுள் புகழ்பெற்றது. 1894 இல் சான் பிரான்சிஸ்கோவில் சிங்கம் ஒன்றுடன் இவர் மோதிய நிகழ்ச்சியோ நகைப்புக்கு இடமாயிற்று. வாய்ப்பூட்டும் நகங்களுக்கு உறையும் போடப்பட்ட அச்சிங்கம் சண்டையிட விருப்பமே காட்டவில்லை.

1894 மார்ச்சில் நியூ செர்சி மாநிலத்தில் இருந்த தாமசு எடிசனின் படப்பிடிப்புக் கூடத்தில், வில்லியம் டிக்சன் சாண்டோவைக் கொண்டு ஒரு குறும்படம் எடுத்தார். தசைகளைக் காட்டி நிற்பதைத் தவிர அப்படத்தில் வேறொன்றும் இல்லை. எனினும், திரைப்பட வரலாற்றின் மிகத் தொடக்ககாலப் படங்களுள் ஒன்றாக அது பாதுகாக்கப்பட்டு வருகிறது. அதே ஆண்டில் சாண்டோ, பிளாஞ்சி புரூக்ஸ் என்னும் ஆங்கிலப் பெண்ணை மணந்தார். இவர்களுக்கு இரு பெண் குழந்தைகள் பிறந்தனர்.

உடலமைப்பும் நிழற்படங்களும்

சாண்டோ அருங்காட்சியகங்களில் இருந்த கிரேக்க, உரோமச் சிலைகளின் அளவுகளை ஆராய்ந்து, தம் உடலை அவ்விகிதங்களுக்கு ஏற்ப அமைக்க முயன்றார். நியூயார்க்கில் நெப்போலியன் சரோனியும் பெஞ்சமின் பால்க்கும், இலண்டனில் ஹென்றி வான் டெர் வெய்டும் எடுத்த படங்களில் இவர் பண்டைய சிலைகளின் தோரணையிலேயே நிற்கிறார். பளிங்குபோலத் தோன்றுவதற்காக உடல் முழுவதும் வெண்பொடி பூசிக்கொள்வதும் உண்டு. இப்படங்கள் அட்டைகளாக அச்சிடப்பட்டுக் கடைகளில் விற்பனையாயின.

இப்படங்களில் இவருடைய வயிற்றுப் பகுதி தனித்துக் குறிப்பிடத்தக்கது. விலா எலும்புகளுக்கும் இடுப்பெலும்புக்கும் இடையே நெடுகச் செல்லும் நேர்வயிற்றுத் தசை எல்லா மனிதருக்கும் உள்ளதே. நடுவே செல்லும் நெடுக்குக் கோடும் குறுக்கே செல்லும் தசைநார்ப் பட்டைகளும் அதனைக் கட்டங்களாகப் பிரிக்கின்றன. இப்பட்டைகளின் எண்ணிக்கையும் இடைவெளியும் பிறப்பிலேயே அமைபவை என்பதால், பயிற்சியால் கட்டங்களைப் பெருக்க முடியாது. தசையைப் பருக்கச் செய்யலாம். அதனை மூடியுள்ள கொழுப்பைக் குறைக்கலாம். பெரும்பாலானோருக்கு இரண்டாவதே கடினமானது. சாண்டோ தசையும் மிகுந்து கொழுப்பும் குறைந்த உடலைப் பெற்றிருந்தார். மேலிருந்து விழும் விளக்கொளி அக்கட்டங்களின் விளிம்பில் நிழலை ஏற்படுத்தி, அவற்றை மேலும் எடுத்துக்காட்டியது. சாண்டோ தம் மேடை நிகழ்ச்சிகளிலும் கருநிற வெல்வெட்டுத் துணி போர்த்திய கூண்டு ஒன்றினுள் மின்விளக்கின்கீழ் நின்றே காட்சி தந்தார். இன்றைய உடற்பயிற்சி விளம்பரப் படங்களில் காணப்படும் ஒளியமைப்பு உத்திகள் அன்றே கையாளப்பட்டுவிட்டன.

பயிற்சி முறை

1894 இல் வெளியான உடற்பயிற்சி நூலைத் தொடர்ந்து, 1897 இல் வலிமையும் அதனைப் பெறும் வழியும் பற்றி சாண்டோ எழுதிய நூல் பெருமளவில் விற்பனையாயிற்று. அதே ஆண்டில் இலண்டன் செயின்ட் ஜேம்சு வீதியில் உடற்பயிற்சி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 1898 இல் மாத இதழ் ஒன்றையும் வெளியிடலானார். அது 1907 வரை நடைபெற்றது.

இவர் பரிந்துரைத்த முறை எளிமையானது. ஏறத்தாழ 5 பவுண்டு (சுமார் 2.3 கிலோகிராம்) எடையுள்ள ஒரு சோடி டம்பெல்களைக் கொண்டு, நாள்தோறும் சிறிது நேரம், வீட்டிலேயே செய்யத்தக்க பயிற்சிகள் அவை. வயிற்றுக்கென மல்லாந்து படுத்த நிலையிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியும், படுத்தவாறே கால்களை உயர்த்தும் பயிற்சியும் சேர்க்கப்பட்டிருந்தன. செய்யும் எண்ணிக்கையைச் சில நாட்களுக்கு ஒருமுறை கூட்டிச் செல்ல வேண்டும். முடிந்தால் கண்ணாடியின்முன் நின்று, இயங்கும் தசையின்மீதே மனத்தை முழுமையாகச் செலுத்த வேண்டும். மனம் ஈடுபடாத பயிற்சி பயனற்றது என்பதை இவர் மீண்டும் மீண்டும் வலியுறுத்தினார். பயிற்சி முடிந்ததும் குளிர்ந்த நீரில் நீராடுமாறும் அறிவுறுத்தினார்.

உணவைப் பொறுத்தவரை இவர் கடுமையான விதிகள் எவற்றையும் கூறவில்லை. எளிதில் செரிக்கும் சத்தான உணவை, குறித்த நேரத்தில், அளவோடு, நன்கு மென்று உண்பதும் போதிய உறக்கமுமே இவருடைய அறிவுரையின் சாரம். புலால் மறுப்பு, பட்டினி மருத்துவம் போன்றவற்றை அக்காலத்தில் பலர் தீவிரமாகப் பரப்பி வந்த நிலையில், இவ்வறிவுரை நிதானமானது எனலாம்.

விமர்சனங்கள்

சாண்டோவின் உடல் உண்மையானது. அவ்வுடல் 5 பவுண்டு டம்பெல்லால் உருவானது என்பது வேறு செய்தி. அட்டிலாவிடம் இவர் பெற்ற பயிற்சி கனமான எடைகளைக் கொண்டது. மேடையிலும் பெரும் எடைகளையே பல ஆண்டுகள் தூக்கி வந்தார். ஆயினும் நூல்களையும் கருவிகளையும் வாங்கியோர், இலேசான டம்பெல்லே தமக்கும் அத்தகைய உடலைத் தரும் என நம்பினர். அஞ்சல்வழியே அனுப்புவதற்கும் வீட்டின் ஓர் அறையில் பயன்படுத்துவதற்கும் இலேசான கருவிகளே ஏற்றவை என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

இதனை வெளிப்படையாக எதிர்த்தவர்களுள் அமெரிக்கரான ஆலன் கால்வெர்ட் முக்கியமானவர். 1893 இல் சிகாகோவில் சாண்டோவைக் கண்டு ஊக்கம் பெற்ற இவர், 1902 இல் பிலடெல்பியாவில் எடையைக் கூட்டவும் குறைக்கவும் தக்க பார்பெல்களைத் தயாரிக்கும் நிறுவனத்தைத் தொடங்கினார். பெருந்தசைகள் கனமான எடைகளால் உருவாகின்றனவே அன்றி இலேசான டம்பெல்களால் அல்ல என அவர் எழுதி வந்தார். சுமையைப் படிப்படியாகக் கூட்டுவதே தசை வளர்ச்சிக்கு அடிப்படை என்பது இன்றைய பயிற்சியாளர்களும் ஏற்றுக்கொண்ட கருத்து.

வயிற்றுப் பயிற்சிகள் குறித்தும் இத்தகைய தெளிவு பின்னரே ஏற்பட்டது. எழுந்து உட்காரும் பயிற்சி வயிற்றுத் தசையை வலுப்படுத்தும். அத்தசையின் மேலுள்ள கொழுப்பைத் தனியே கரைக்காது. உண்ணும் ஆற்றலைவிடச் செலவிடும் ஆற்றல் மிகும்போது உடல் முழுவதிலிருந்தும் கொழுப்பு குறைகிறது. எந்த இடத்தில் முதலில் குறையும் என்பது அவரவர் உடற்கூற்றைப் பொறுத்தது. சாண்டோவின் அட்டவணையை நாள் தவறாமல் பின்பற்றியும் கட்டங்களைக் காணாத வாசகர்களிடம் குறையொன்றும் இருந்திருக்க வேண்டியதில்லை.

அதே சமயம், அலுவலக மேசையில் நாளைக் கழித்த எழுத்தர்களையும் கடைச் சிப்பந்திகளையும் நாள்தோறும் உடலை அசைக்கச் செய்தவர் சாண்டோ என்பதையும் மறுக்கவியலாது. அவர்களுள் பலருக்கு அதுவே முதல் உடற்பயிற்சி. ஜேம்சு ஜாய்சின் யுலிசீசு புதினத்தில் கதைமாந்தர் லியோபோல்ட் புளூம், சாண்டோவின் பயிற்சிகளை மீண்டும் தொடங்க வேண்டும் என எண்ணுவது அக்கால நடுத்தர வகுப்பாரிடையே இம்முறை பெற்றிருந்த செல்வாக்கைக் காட்டுகிறது.

1901 ஆம் ஆண்டுப் போட்டி

தம் இதழின் வாயிலாக அறிவித்து, பிரித்தானியா முழுவதும் மாவட்ட அளவில் சாண்டோ நடத்தி வந்த போட்டிகளின் இறுதிச்சுற்று 1901 செப்டம்பர் 14 அன்று இலண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் நடைபெற்றது. இதுவே உலகின் முதல் பெரிய உடற்கட்டுப் போட்டியாகக் கருதப்படுகிறது. 60 பேர் இறுதிச்சுற்றில் கலந்துகொண்டனர். சிற்பி சார்லசு லாசும், ஷெர்லாக் ஹோம்சு கதைகளைப் படைத்த ஆர்தர் கோனன் டாயிலும் நடுவர்களாக இருந்தனர். மூன்றாம் நடுவர் சாண்டோவே. நுழைவுக் கட்டணத்தின் வருவாய் தென்னாப்பிரிக்கப் போர் நிவாரண நிதிக்கு வழங்கப்பட்டது.

தசையின் அளவு மட்டும் பரிசுக்குப் போதுமானதாக இல்லை. உடல் முழுவதும் சீராக வளர்ந்திருத்தல், தசைகளின் உறுதி, பொதுவான உடல்நலம், தோலின் நிலை ஆகியவையும் கணக்கில் கொள்ளப்பட்டன. நாட்டிங்காமைச் சேர்ந்த வில்லியம் முர்ரே முதலிடம் பெற்றார். சாண்டோவின் உருவில் அமைந்த சிலை அவருக்குப் பரிசாக வழங்கப்பட்டது. தென்னாப்பிரிக்கப் போருக்கு ஆள் சேர்த்தபோது உடல்தகுதியின்றித் திருப்பி அனுப்பப்பட்டோர் மிகுந்திருந்தமை அப்போது பிரித்தானியாவில் கவலையை ஏற்படுத்தியிருந்தது. அச்சூழலில் இப்போட்டி வெறும் கேளிக்கையாக மட்டும் பார்க்கப்படவில்லை.

அதே ஆண்டில் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காக சாண்டோவின் முழு உடலும் சாந்துக் கட்டுகளைக் கொண்டு அச்செடுக்கப்பட்டது. ஐரோப்பிய இனத்தின் சிறந்த மாதிரி என்னும் நோக்கில் செய்யப்பட்ட இம்முயற்சி, அக்காலத்தில் நிலவிய இனக் கோட்பாடுகளின் வெளிப்பாடாகும்.

இந்தியப் பயணம்

1902 இல் ஆத்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளுக்குச் சென்ற சாண்டோ, 1904-05 ஆம் ஆண்டுகளில் இந்தியாவிலும் நிகழ்ச்சிகள் நடத்தினார். கல்கத்தா, பம்பாய் நகரங்களில் பெருங்கூட்டம் கூடியது. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை, மல்யுத்தம் என உடற்பயிற்சி மரபு இந்தியாவில் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. எனவே இவர் புதியதோர் கலையை இங்குக் கொணர்ந்தார் என்பது பொருந்தாது. தசையைப் பகுதி பகுதியாக வளர்த்துக் கண்ணாடியில் பார்ப்பதும், நிழற்படத்தில் காட்டுவதும் புதியவை. பெங்களூரில் உடற்பயிற்சி நிலையம் நடத்திய கே. வி. ஐயர், சாண்டோவின் வழியில் வந்த முறைகளுடன் சூரிய நமசுகாரத்தையும் ஆசனங்களையும் இணைத்துக் கற்பித்தார். 1930 இல் தம் முறையை விளக்கி ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். அவருடைய சிலைபோன்ற நிழற்படங்களில் சாண்டோவின் சாயல் தெளிவாகத் தெரிகிறது.

வணிகமும் பிற்காலமும்

சாண்டோ 1906 இல் பிரித்தானியக் குடியுரிமை பெற்றார். 1911 இல் மன்னர் ஐந்தாம் ஜோர்ஜின் உடற்பயிற்சிப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். சுருள்வில் பொருத்திய டம்பெல், இரப்பர் இழுவைக் கருவி, பெண்களுக்கான இடுப்புக்கச்சை, கொக்கோ பானம் எனப் பல பொருட்கள் இவர் பெயரில் விற்கப்பட்டன. மருந்தின்றி உடற்பயிற்சியாலேயே பல நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்து மருத்துவ நிலையமும் நடத்தினார். இவ்விளம்பரங்களுள் பல மிகைப்படுத்தப்பட்டவை. முதல் உலகப் போரின்போது செருமானியப் பின்னணி கொண்டோர்மீது ஏற்பட்ட வெறுப்பு இவரையும் விட்டுவைக்கவில்லை. போர்க்காலத்தில் கொக்கோ நிறுவனம் நொடித்துப் போனது.

இறப்பு

1925 அக்டோபர் 14 அன்று இலண்டனில் தம் 58 ஆம் வயதில் சாண்டோ காலமானார். பெருந்தமனி வீங்கி வெடித்ததே காரணம் எனப் பதிவாயிற்று. பள்ளத்தில் சிக்கிய மோட்டார் வண்டியைத் தனியாளாகத் தூக்கியதால் இறந்தார் எனப் பரவலாகக் கூறப்படும் கதைக்கு உறுதியான சான்றில்லை. பட்னி வேல் இடுகாட்டில் இவர் அடக்கம் செய்யப்பட்டார். மனைவியின் விருப்பப்படி கல்லறையில் பெயர் பொறிக்கப்படவில்லை. வாழ்நாள் முழுவதும் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரப்படுத்திய ஒருவரின் கல்லறை, 2002 இல் கல் நாட்டப்படும் வரை முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக அடையாளமின்றிக் கிடந்தது. இலண்டன் ஹாலந்து பார்க் அவெனியூவில் இவர் வாழ்ந்த வீட்டில் 2009 இல் நினைவுப் பலகை பதிக்கப்பட்டது.

பெயரும் நினைவும்

மிஸ்டர் ஒலிம்பியா போட்டியில் வெல்பவருக்கு 1977 முதல் சாண்டோவின் உருவம் கொண்ட சிலை பரிசாக வழங்கப்பட்டு வருகிறது. அச்சிலையைப் பெறும் இன்றைய வீரர்களின் பருமனோடு ஒப்பிட்டால் சாண்டோ மெலிந்தவராகவே தோன்றுவார்.

இந்தியாவில் சாண்டோ என்னும் சொல் பலசாலிகளுக்குரிய பட்டமாகவே வழங்கலாயிற்று. வங்காளத்தில் கையில்லாத பனியனுக்கும் இப்பெயர் உண்டு. தமிழ்நாட்டில் இப்பட்டத்தால் மிகவும் அறியப்பட்டவர் திரைப்படத் தயாரிப்பாளர் சாண்டோ எம். எம். ஏ. சின்னப்பா தேவர் (1915 - 1978) ஆவார். கோயம்புத்தூரைச் சேர்ந்த இவர், தேகப்பயிற்சியிலும் மல்யுத்தத்திலும் தேர்ந்து, பின்னர் திரைத்துறைக்கு வந்தவர். 1956 இல் வெளியான தாய்க்குப்பின் தாரம் திரைப்படத்தின் மூலம் தயாரிப்பாளரானார். அவர் படங்களின் பெயர்ப் பட்டியலில் சாண்டோ என்னும் சொல்லைக் கண்ட தமிழ் இரசிகர்களுள் பெரும்பாலோர், அது கோனிக்ஸ்பர்க்கில் பிறந்த ஒருவர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பெயர் என்பதை அறிந்திருக்கவில்லை.